இறந்தோருக்காக உழைத்தோர்: எகிப்தின் ஏவற்பாவைகளும் பொருந்தல் புதைகுழியும்

மரித்தோரை ஒரு சமுதாயம் எவ்வாறு அடக்கம் செய்தது என்பதைக் கொண்டு, உயிரோடிருந்தோரை அது எவ்வாறு நடத்திற்று என்பதை ஓரளவு அறிந்துகொள்ளலாம். கல்லறையில் வைக்கப்பட்ட பொருள்கள் மறுமை பற்றிய நம்பிக்கையைக் காட்டுவன. அப்பொருள்களை ஆக்கியவர் யார், சுமந்தவர் யார், குழி தோண்டியவர் யார் என்று வினவினால், அவை இம்மையின் ஒழுங்கையும் காட்டிவிடும். இவ்வினாவை மனத்திற்கொண்டு, திண்டுக்கல் மாவட்டத்துப் பொருந்தலில் திறக்கப்பட்ட ஒரு புதைகுழியையும், நைல் நதிக்கரையில் அரசவை அலுவலருக்காகச் செய்யப்பட்ட ஏவற்பாவைகளையும் இக்கட்டுரையில் அருகருகே வைத்து நோக்குவோம். இரண்டுக்கும் வரலாற்றுத் தொடர்பு உண்டென்று நிறுவுவது நம் நோக்கமன்று. ஒன்றின் ஒளியில் மற்றொன்று தெளிவு பெறும் என்பதே நம் எண்ணம்.

1. பொருந்தலில் கிடைத்த நெல்

மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில், பழநிக்குத் தென்மேற்கே 12 கிலோமீட்டர் தொலைவில் அமைந்த சிற்றூர் பொருந்தல். 2009, 2010 ஆகிய ஆண்டுகளில் புதுவைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் கா. ராஜன் தலைமையில் அங்கு அகழாய்வு நடைபெற்றது. பண்டைய குடியிருப்புப் பகுதியில் கண்ணாடி மணிகள் மிகுதியாகக் கிடைத்தன. ஈமக்காட்டில் பெருங்கற்காலப் புதைகுழிகள் சில திறக்கப்பட்டன. கற்பலகைகளை நிறுத்தி அறைபோல் அமைத்து மூடும் முறை அக்காலத்தது. அவ்வாறான குழியொன்றில், நான்கு கால்களையுடைய ஜாடியினுள் ஏறத்தாழ 2 கிலோ நெல் இருந்தது. அக்குழியிலேயே கலம் தாங்கும் பிரிமனை ஒன்றில் 'வய்ர' என்னும் சொல் தமிழ்-பிராமி எழுத்தில் கீறப்பட்டிருந்தது. நெல்லைக் கரிமக் கணிப்புக்கு உட்படுத்தியபோது கி.மு. 490 என்னும் காலம் கிடைத்தது. இதனால் தமிழ் எழுத்தின் தொன்மை குறித்து அறிஞரிடையே பெரும் விவாதம் எழுந்தது. கருத்து வேறுபாடுகளும் உள. எழுத்தைப் பற்றிப் பலரும் எழுதிவிட்டனர். நாம் கவனிக்க விரும்புவது நெல்லை.

இம்மாவட்டத்துக்கு இத்தகைய சின்னங்கள் புதியன அல்ல. செண்பகனூரில் பணியாற்றிய இயேசு சபைக் குருமார் ஆங்கிலேட், நியூட்டன் ஆகிய இருவரும் பழநிமலைக் கல்திட்டைகளை ஆராய்ந்து எழுதிய நூலை இந்தியத் தொல்லியல் துறை 1928இல் வெளியிட்டது. தாண்டிக்குடியிலும் பிற்காலத்தில் அகழாய்வு நடந்தது. தமிழகத்தின் பல பகுதிகளில் மக்கள் இக்கல்லறைகளைக் குள்ளர் வீடு என்றும் பாண்டவர் வீடு என்றும் கூறுவர். தெற்கே ஆதிச்சநல்லூரில் 1876இல் ஜெர்மானியராகிய யாகோர் தொடங்கி, 1899 முதல் 1905 வரை அலெக்சாண்டர் ரீ விரிவாக நிகழ்த்திய அகழாய்வில், தாழிகளுக்குள் இருந்த கலங்களில் நெல், தினை ஆகியவற்றின் உமி காணப்பட்டது. ஆகவே மரித்தோருடன் தானியம் வைப்பது ஓர் ஊரின் வழக்கமன்று; பரந்த நிலப்பரப்பில் நிலவிய வழக்கம் எனலாம். இன்று நம் ஊர்களில் இடப்படும் வாய்க்கரிசி அதன் நேரான தொடர்ச்சி என்று துணிந்து கூறுவதற்கில்லை. எனினும், இறந்தவரை வெறுங்கையோடு அனுப்பலாகாது என்னும் உணர்வு இரண்டிலும் ஒன்றே.

இங்கே ஒரு வேறுபாட்டையும் குறித்துக்கொள்ள வேண்டும். பெருங்கற்காலக் கல்லறைகள் அக்காலத்து மக்கள் அனைவருக்கும் உரியன அல்ல. வாழ்ந்து மடிந்தோரின் தொகையோடு ஒப்பிட்டால் அவை மிகச் சில. கற்பலகைகளைப் பெயர்த்து, இழுத்து, நிறுத்தப் பலருடைய கைகள் வேண்டும். ஒருவருக்காகப் பலரை அவ்வாறு திரட்ட வல்ல குடும்பங்களே இக்கல்லறைகளை எடுப்பித்திருத்தல் கூடும். புறநானூற்றின் 228ஆம் பாட்டும் 256ஆம் பாட்டும் தாழி வனையும் குயவனை முன்னிலைப்படுத்திப் பாடப்பட்டவை. முன்னையது சோழன் ஒருவனது பெருமைக்கு ஏற்ற தாழியை எவ்வாறு வனைவாய் என்று வினவுகிறது. பின்னையது கணவனை இழந்தவள் தனக்கும் இடம் இருக்குமாறு தாழியை அகலமாக வனையும்படி வேண்டுவதாக அமைந்தது. மாண்டவரின் பெருமையைப் பாடும்போதும் புலவரின் கண், மண் பிசைந்த தொழிலாளியின்மேல் விழுந்தது நினைவுகொள்ளத்தக்கது.

பொருந்தல் ஜாடியின் நெல்லுக்கும் அத்தகைய கைகள் உண்டு. உழுதவர், நாற்று நட்டவர், களை பறித்தவர், அறுத்தவர், அடித்தவர் எனப் பலர் அதன் பின்னே நிற்கின்றனர். நெல் இருபத்தைந்து நூற்றாண்டுகள் நிலைத்திருந்தது. அதை விளைவித்தவரின் எலும்பு எங்கே கிடக்கிறது என்பதற்கு ஒரு கல்லேனும் அடையாளமில்லை. எகிப்தின் ஏவற்பாவைகளை இந்த வினாவோடுதான் நாம் அணுகப்போகிறோம்.

2. ஏவலுக்கு விடையளிக்கும் பாவை

எகிப்தின் மிகப் பழைய அரசர் காலத்தில், அதாவது ஏறத்தாழ கி.மு. 3000 அளவில், அபிதோஸ் என்னும் இடத்தில் அரசன் ஜேரின் கல்லறையைச் சூழ முந்நூறுக்கும் மேற்பட்ட துணைக் கல்லறைகள் அமைந்தன. அரசனைப் பின்தொடர்ந்து சென்று பணி செய்ய ஏவலரும் அரண்மனைச் சுற்றத்தாரும் உயிரிழக்கச் செய்யப்பட்டனர் என்று அறிஞர் பலர் கருதுவர். இவ்வழக்கம் விரைவில் நின்றுவிட்டது. பின்னர்ப் பல நூற்றாண்டுகள் கழித்தே ஏவலரின் உருவங்கள் கல்லறைக்குள் பெருகின. எனவே, உயிர்ப்பலிக்கு மாற்றாகவே பாவைகள் வந்தன என்று நேர்க்கோடு வரைதல் சரியன்று. ஆயினும் பெரியோர்க்கு மறுமையிலும் பணியாளர் வேண்டும் என்னும் எண்ணம் இரண்டிலும் இழையோடுகிறது.

அரசவை அலுவலரின் கல்லறைகளில் இது எவ்வாறு வடிவம் பெற்றது என்பதற்கு மெக்கெட்ரே சிறந்த சான்று. ஏறத்தாழ கி.மு. 2000 அளவில் தீப்ஸ் நகரில் அரசனின் முத்திரைக் காரியத் தலைவராயிருந்த இவரது கல்லறையில், கொள்ளையர் கண்ணுக்குத் தப்பிய மறைவான அறையொன்றை 1920இல் வின்லாக் என்னும் அமெரிக்க அறிஞர் கண்டுபிடித்தார். உள்ளே 24 மர உருவத் தொகுதிகள் இருந்தன. மாட்டு மந்தையைக் கணக்கெடுக்கும் காட்சி, அப்பம் சுடும் இடம், நெசவுச் சாலை, தச்சுப்பட்டறை, படகுகள் என ஒரு பெரும்பண்ணையின் அலுவல்கள் யாவும் சிறு உருவங்களாய் அங்கு நடைபெறுகின்றன. தானியக் களஞ்சியத் தொகுதியில் ஆட்கள் மூட்டை சுமக்கின்றனர். எழுத்தர் உட்கார்ந்து கணக்கெழுதுகின்றனர். நெற்களத்தையும் கணக்கப்பிள்ளையையும் கண்டு வளர்ந்த நமக்கு இக்காட்சி அந்நியமாய்த் தோன்றாது. லூக்கா 12ஆம் அதிகாரத்து ஐசுவரியவான் களஞ்சியங்களை இடித்துப் பெரிதாகக் கட்ட எண்ணினான். மெக்கெட்ரேயோ தம் களஞ்சியத்தைக் கல்லறைக்குள்ளும் கொண்டு சென்றார்.

இக்காலத்தையொட்டியே ஷப்தி எனப்படும் தனிப்பாவைகளும் தோன்றலாயின. பிற்காலத்தில் உஷப்தி என்று வழங்கிய இச்சொல்லுக்கு 'விடையளிப்போன்' என்று பொருள் கொண்டனர். மரம், கல், சுட்ட களிமண், நீலப்பச்சை மெருகேற்றிய பொருள் ஆகியவற்றால் செய்யப்பட்டு, சுற்றிக் கட்டிய பிரேதத்தின் வடிவில் இப்பாவைகள் அமைந்தன. கையில் மண்வெட்டியும் முதுகில் விதைப்பையும் உண்டு. உடலின்மேல் எழுதப்பட்ட மந்திரம், 'இறந்தோரின் நூல்' என்று நாம் அழைக்கும் தொகுப்பில் 6ஆம் பகுதியாக வைத்து எண்ணப்படுவது. அதன் கருத்து எளியது: மறுவுலகில் வயலைப் பண்படுத்தவோ, கரைகளுக்கு நீர் பாய்ச்சவோ, மணலை ஒரு திசையிலிருந்து மறு திசைக்குச் சுமக்கவோ இறந்தவருடைய முறை வந்து அவரை அழைத்தால், அவருக்குப் பதிலாகப் பாவை எழுந்து 'இதோ' என்று விடையளிக்க வேண்டும்.

இம்மந்திரத்தின் உள்ளே ஓர் அச்சம் ஒளிந்திருக்கிறது. எகிப்தில் அரசாணையின்படி மக்கள் முறைவைத்து வாய்க்கால் வெட்டவும் கரை கட்டவும் சென்றாக வேண்டும். அலுவலரோ அவ்வேலையிலிருந்து விலக்குப் பெற்றவர். பிறரை அதற்கு அனுப்பும் உரிமையும் உடையவர். மறுமையில் அந்த விலக்கு செல்லாமற் போனால் என்ன செய்வது? வாழ்நாள் முழுவதும் பிறரைப் பெயர் சொல்லி அழைத்தவர், தம் பெயரும் ஒருநாள் அழைக்கப்படுமோ என்று அஞ்சினார். அவ்வச்சத்தின் விளைவே இப்பாவை எனலாம்.

புதிய அரசு எனப்படும் காலத்தில் இவை அரசவையின் மரியாதைச் சின்னமாகவும் ஆயின. கி.மு. 15ஆம் நூற்றாண்டில் இரண்டாம் அமென்ஹோதெப் அரசனின் தலைமைக் காரியத்தரான கெனமூன், அரசனுக்குப் பாலூட்டிய செவிலித்தாயின் மகன். அவருடைய பாவைகள் அவரது கல்லறையில் மட்டுமன்றி, அபிதோஸ் முதலிய வேறு புனித இடங்களிலும் புதைக்கப்பட்டன. இத்தகையவை அரசனின் தயவால் அளிக்கப்பட்டவை. எதிர்த்திசையிலும் கொடை சென்றது. 1922இல் திறக்கப்பட்ட துட்டன்காமுன் கல்லறையில் இருந்த 413 பாவைகளுள், படைத்தலைவர் நக்த்மின் அளித்தவை ஐந்து. கருவூலத் தலைவர் மாயாவும் பாவை அளித்தவர்களுள் ஒருவர். அலுவலர் தம் அரசனுக்குப் பணியாளரை நிறுத்துவதுபோன்றதே இது.

காலப்போக்கில் பாவைகளின் தொகை கணக்காயிற்று. நாளுக்கு ஒன்றாக 365, பத்துப் பேருக்கு ஒருவர் வீதம் மேற்பார்க்க 36, ஆக 401. மேற்பார்க்கும் பாவைகள் பிரேத வடிவில் இல்லாமல், உயிரோடிருப்போரின் உடையில் சாட்டை ஏந்தி நிற்கின்றன. யாத்திராகமம் 5ஆம் அதிகாரத்தைத் தமிழில் வாசித்தவர்கள் இவர்களை உடனே அடையாளம் கண்டுகொள்வர். திருமறையின் பழைய மொழிபெயர்ப்பு இவர்களுக்கு இட்ட பெயர் 'ஆளோட்டிகள்'. மறுமையில் ஆளோட்டி இல்லாமல் வேலை நடக்கும் என்று எகிப்திய அலுவலரால் எண்ணிப்பார்க்கவும் இயலவில்லை.

3. பாவைக்கும் கூலி

பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் பாப்பிரஸ் ஏடு ஒன்று உண்டு. இருபத்திரண்டாம் அரச மரபின் காலத்தைச் சேர்ந்தது என்று கருதப்படும் இவ்வேட்டில், ஆமோன் கோவிலைச் சார்ந்த பாவை செய்வோர் ஒருவர் 401 பாவைகளை ஒரு குருவுக்கு விற்று, அவற்றுக்குரிய வெள்ளியைப் பெற்றுக்கொண்டதாக எழுதிக் கொடுக்கிறார். பாவைகளை ஆண் பணியாளர், பெண் பணியாளர் என்றே அவ்வேடு குறிக்கிறது. விலை கொடுக்கப்பட்டுவிட்டது, ஆகவே அவை இறந்தவருக்காக உழைக்கக் கடமைப்பட்டவை என்பதே அதன் உட்கருத்து. கூலி தராமல் வேலை வாங்கினால் களிமண்ணும் எழுந்திராது என்று அக்காலத்தார் எண்ணினர் போலும்.

உயிருள்ள தொழிலாளரிடம் இந்நெறி எப்போதும் காக்கப்படவில்லை. மூன்றாம் ராம்சேஸ் அரசனின் 29ஆம் ஆட்சியாண்டில், ஏறத்தாழ கி.மு. 1157இல், அரச கல்லறைகளைக் குடைந்து வண்ணம் தீட்டிய தேர் எல்-மெதினா ஊர்த் தொழிலாளர், தமக்குரிய தானியக் கூலி வந்து சேராமையால் வேலையை விட்டு வெளியேறி, கோவில் வளாகத்தில் அமர்ந்தனர். இதைக் குறித்த ஏடு இத்தாலியின் தூரின் நகரில் உள்ளது. உலக வரலாற்றில் எழுத்தில் பதிவான மிகப் பழைய வேலைநிறுத்தம் என்று இதனைக் கூறுவர். அறுத்தவர்களின் பிடிக்கப்பட்ட கூலி கூக்குரலிடுகிறது என்னும் யாக்கோபின் எச்சரிக்கை (5:4) எழுதப்படுவதற்கு ஆயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே, கல்லறை வாயிலில் அக்குரல் எழுந்துவிட்டது.

4. திருமறை காட்டும் அலுவலர்கள்

பழைய ஏற்பாட்டிலும் அரசவை அலுவலரின் அடக்கம் பேசப்படுகிறது. முதலாவதாக யோசேப்பு. பார்வோனின் அரண்மனையில் உயர்ந்த அதிகாரம் பெற்ற அவர், எகிப்திய முறைப்படி சுகந்தவர்க்கமிடப்பட்டுப் பெட்டியில் வைக்கப்பட்டார் என்று ஆதியாகமம் முடிகிறது (50:26). அவரது ஆட்சியில் பஞ்சத்தின்போது குடிகள் தானியத்துக்காக நிலத்தையும் தங்களையும் பார்வோனுக்கு விற்றதையும் அந்நூல் மறைக்கவில்லை (47:13-25). பின்னர் அவருடைய இனத்தாரே செங்கல் அறுக்கும் அடிமைகளாயினர். இத்தகைய அலுவலர் ஒருவருக்கு ஏவற்பாவைகள் வைக்கப்பட்டதாகத் திருமறை கூறவில்லை; தம் எலும்புகளை இங்கிருந்து கொண்டுபோக வேண்டும் என்று அவர் ஆணையிட்டு வாங்கியதையே கூறுகிறது (50:25). விடுதலை பெற்ற அடிமைகள் அவ்வெலும்புகளைச் சுமந்து சென்றனர் (யாத்திராகமம் 13:19). எகிப்தில் அலுவலரின் சமாதி அடிமைத்தனத்தை மறுமைக்கும் நீட்டியது. இஸ்ரவேலின் நினைவிலோ அலுவலரின் எலும்புகள் அடிமைகளின் விடுதலைப் பயணத்தோடு சேர்ந்துகொண்டன.

இரண்டாவதாகச் செப்னா. எசேக்கியா அரசனின் அரமனை விசாரிப்புக்காரராகிய இவர் உயர்ந்த இடத்தில் தமக்குக் கல்லறை வெட்டிக்கொண்டதை ஏசாயா கடுமையாகக் கண்டித்தார் (22:15-19). எருசலேமுக்கு எதிரேயுள்ள சில்வான் ஊரில் 1870இல் கிளெர்மோன்-கன்னோ கண்டெடுத்த கல்லறைக் கல்வெட்டு ஒன்றை 1953இல் அவிகாத் என்னும் அறிஞர் வாசித்து வெளியிட்டார். அரமனை விசாரிப்புக்காரர் ஒருவரது கல்லறை அது. பெயரின் முற்பகுதி சிதைந்துவிட்டது. அவர் செப்னாவாகவே இருக்கலாம் என்று பலரும் கருதினர், அது உறுதியன்று. இங்கே வெள்ளியும் பொன்னும் இல்லை, தம் எலும்பும் தம் அடிமைப்பெண்ணின் எலும்புமே உள்ளன என்று கூறி, திறப்பவனைச் சபிக்கிறது அக்கல்வெட்டு. அலுவலரின் பதவி பொறிக்கப்பட்டது. அவரோடு கிடந்த பெண்ணோ பெயரின்றி, அடிமைப்பெண் என்றே குறிக்கப்பட்டாள். பொருந்தல் நெல்லை விளைவித்தோரைப் போல அவளும் பெயரற்றவள்.

5. தமிழகத்து வெட்டி

தமிழகப் பெருங்கற்காலப் புதைகுழிகளில் எகிப்தின் ஏவற்பாவை போன்றவற்றை வைக்கும் வழக்கம் காணப்படுவதில்லை. ஆயின், இறந்தோருக்கான பணியை ஒரு சாரார்மேல் சுமத்தும் வழக்கம் நம்மிடம் இல்லையென்று கூறிவிட முடியுமா?

சோழர் காலக் கல்வெட்டுகளில் 'வெட்டி' என்னும் சொல் மிகுதியாக வருகிறது. 'அமஞ்சி' என்பதும் அவ்வகைச் சொல். ஊரார் கூலியின்றிச் செய்ய வேண்டிய கட்டாய உழைப்பை இவை குறித்தன. வாய்க்கால் வெட்டுதலும் கரை கட்டுதலும் இவ்வகை உழைப்பில் அடங்கும். எகிப்தின் ஏவற்பாவை எந்த அழைப்புக்கு விடையளிக்கச் செய்யப்பட்டதோ, அதே அழைப்புத்தான் இது. கிராமத்தின் கடைநிலை ஊழியராகிய வெட்டியானின் பெயர் இச்சொல்லோடு தொடர்புடையது. சாவுச் செய்தியைத் தொலைவூர்களுக்குக் கொண்டு செல்லுதல், பறையறைதல், குழி தோண்டுதல், சுடலை காத்தல் ஆகியவை ஒடுக்கப்பட்ட சாதியாரின் பரம்பரைக் கடமையாக்கப்பட்டன. அறுவடைக் களத்தில் ஊர் ஊழியருக்கு அளந்த நெற்பங்குக்குச் 'சுதந்திரம்' என்று பெயர் வழங்கியது. அந்தச் சுதந்திரத்தைப் பெற்றவருக்கு, அழைப்பை மறுக்கும் சுதந்திரம் இருந்ததில்லை.

எகிப்தியர் பாவை செய்து அதன்மேல் மந்திரம் எழுதினர். நாமோ உயிருள்ள மனிதரைப் பிறப்பினால் அவ்வேலைக்கு உரியவராக்கி, தலைமுறை தலைமுறையாக 'இதோ, சாமி' என்று விடையளிக்கப் பழக்கினோம். ஒப்பிட்டு நோக்கின், எகிப்தியரின் களிமண்ணே மேலெனத் தோன்றுகிறது. களிமண்ணுக்குப் பசியும் இல்லை, அவமானமும் இல்லை.

திருச்சபையும் இதற்குப் புறம்பாக நிற்கவில்லை. திண்டுக்கல் சமவெளியிலும் தமிழகத்தின் பிற பகுதிகளிலும் சுவிசேஷத்தை முதலில் ஆவலோடு ஏற்றவர்களுள் பெரும்பாலோர் இச்சுமையைச் சுமந்த மக்களே. ஞானஸ்நானம் பெற்ற பின்னரும் ஊரார் வீட்டுச் சாவுக்கு அவர்கள் அழைக்கப்பட்டனர். மறுத்தபோது தண்ணீரும் வேலையும் மறுக்கப்பட்ட ஊர்கள் உண்டு. கல்லறைத் தோட்டத்துக்குள்ளேயே சாதி எல்லை வகுத்துக்கொண்ட சபைகளும் தமிழகத்தில் உண்டு. உயிர்த்தெழுதலை அறிக்கையிடும் இடத்தில், எந்த வரிசையில் எழுந்திருப்பது என்று முன்கூட்டியே ஒதுக்கீடு செய்வதற்கு இது ஒப்பாகும்.

6. அழைப்புக்கு விடையளிப்பவர் யார்?

ஏவற்பாவையின் பொருள் முழுதும் 'இதோ' என்னும் ஒரு விடையில் அடங்கியிருக்கக் கண்டோம். எஜமான் அழைக்கப்படுகிறான், அடிமை விடையளிக்கிறான். திருமறையிலும் இவ்விடை திரும்பத் திரும்ப ஒலிக்கிறது. ஆனால் அங்கே சாமுவேல் தன் வாயாலேயே அதைக் கூறுகிறான். ஏசாயாவும் தமக்காக வேறொருவரை நிறுத்தவில்லை. இதற்கும் மேலாக, அடிமையின் ரூபமெடுத்தவரைப் பற்றிப் பிலிப்பியர் நிருபம் பேசுகிறது (2:7). எகிப்தில் எஜமானுக்குப் பதிலாக அடிமை விடையளித்தான். சிலுவையில் அடிமைக்குப் பதிலாக எஜமான் விடையளித்தார். இவ்விரண்டும் ஒரே கல்லறைத் தோட்டத்தில் ஒத்து வாழ இயலாது.

எனவே அடக்க ஆராதனை நடத்தும் ஆயர், ஜெபப் புத்தகத்தைத் திறக்குமுன் சில எளிய காரியங்களை விசாரித்தறிவது தகும். இக்குழியைத் தோண்டியவர் யார்? அவர் விரும்பி வந்தாரா, சாதிமுறையால் வரவழைக்கப்பட்டாரா? பேசிய கூலி முழுதும் அவர் கையில் கொடுக்கப்பட்டதா? அடக்கம் முடிந்து உறவினர் உண்ணும் பந்தியில் அவருக்கு இடம் உண்டா? சபையின் இளைஞரும் மூப்பரும் மண்வெட்டி பிடித்துக் குழி தோண்டத் தடை என்ன? மரித்த சகோதரனுக்குச் செய்யும் இப்பணி எல்லாருக்கும் உரியதானால், ஒருவரையும் அது இழிவுபடுத்தாது.

இறையியல் மாணவர்க்கும் ஒரு பணி காத்திருக்கிறது. மெக்கெட்ரேயின் பண்ணையில் எத்தனை பேர் மூட்டை சுமந்தனர் என்பதை மர உருவங்களைப் பார்த்து எண்ணிவிடலாம். நம் சபைகளின் அடக்கப் பதிவேடுகளில் மரித்தவர் பெயர் உண்டு. ஆராதனை நடத்தியவர் பெயர் உண்டு. குழி தோண்டியவர் பெயர் இல்லை. கிராம சபைகளில் களப்பணிக்குச் செல்வோர், அவ்வூரில் கடந்த இரண்டு தலைமுறைகளாகக் குழி தோண்டியவர் யார், செய்தி சொல்லச் சென்றவர் யார், அவ்வேலையை முதன்முதலில் மறுத்தவர் யார், மறுத்ததால் அவர் இழந்தவை எவை என்பவற்றை முதியோரிடம் கேட்டு எழுதிவைப்பாராக. அவர்களுள் பலர் இன்னும் உயிரோடிருக்கின்றனர். அவர்களுடைய பெயர்கள் நெல்லினும் விரைவில் மறைந்துபோகக் கூடியவை.